அந்தோனியார் காலடி மண்

யசிந்தாவுக்குக் கடிதம் வந்த அன்று அவள் ஓடிய ஓட்டத்தை எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. உறையை வாங்கினாள், கிழித்தாள், நின்ற நிலையிலேயே படித்தாள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் பாய்ந்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். செதிள் ஒட்டிய என் கையைப் பிடித்து எழுப்பி, "ராணி, ஸ்கொட்லாந்திலையிருந்து என்னைக் கூப்பிடப் போறாங்களடி" என்றாள். கத்தி இன்னும் என் கையில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் காயம் வராதது அந்தோனியார் செயல்.

எண்பத்துநான்காம் ஆண்டு, மாசி மாதம். யசிந்தா பருத்தித்துறைக்காரி. கம்பஸில் தத்துவம் படிக்க வந்தவள், குருநகரில் எங்கள் பக்கத்து வீட்டு மார்கிரட் மாமியோடு தங்கியிருந்தாள். மாமி அவளுடைய அப்பாவின் அக்கா. படித்து முடித்தும் ஊருக்குத் திரும்பாமல் கம்பஸிலேயே தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை ஆனியோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று யாராவது கேட்டால் கடலைப் பார்ப்பாள். தத்துவம் படித்த பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? அப்படி இருந்தவளுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம். அந்தப் பக்கத்துக் கடலுக்கு அடியில் அணுகுண்டைச் சுமந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிகின்றனவாம். போடுவதற்கு அல்ல, 'நீ போட்டால் நானும் போடுவேன்' என்று மிரட்டுவதற்காம். அப்படி மிரட்டிக்கொண்டே இருப்பது ஒழுக்கமா என்று ஒரு வருடம் உட்கார்ந்து யோசிப்பதற்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். யோசிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற ஊரும் உலகத்தில் உண்டு என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். எங்கள் பக்கத்தில் யோசித்தால் தலையிடிதான் மிச்சம்.

பல நாட்டுக்காரர் கட்டுரை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேரைப் பொறுக்கியிருந்தார்கள். யசிந்தா அதில் ஒருத்தி. மூன்று பேரோடும் ரெலிபோனில் கதைத்து ஒருவரை எடுப்பார்கள். கடிதத்தின் கீழே பேராசிரியை தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: உங்கள் மாமி உண்மையில் எறிவாரா? அதைத்தான் முதலில் கேட்பேன்.

அந்த ஒரு வரி எங்கள் ஒழுங்கையைப் பங்குனி முழுவதும் ஆட்டிவைத்தது.

மாமி எறிவதாகச் சொன்னது மண்ணை. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு அநியாயம் நடந்தால் அவள் மண்ணை அள்ளி, அநியாயம் செய்தவர் வாசலில் தூற்றி, மண்ணாய்ப் போவாய் என்று திட்டுவாள். வேதக்காரர் நாங்கள், இதெல்லாம் செய்யக் கூடாது. ஆனாலும் செய்வோம். அதிலும் முச்சந்தியில் நிற்கிற அந்தோனியார் சுரூபக் கூட்டுக்கு முன்னால் அள்ளிய மண் என்றால் தப்பவே முடியாது என்பது ஊர் நம்பிக்கை. வலையில் மீன் படாது, வயிற்றில் பிள்ளை தங்காது, கட்டின வீடு நிலைக்காது. 

மாமி மிரட்டியது வேறு யாரையும் அல்ல, என் அம்மா கத்தரீனாவை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கடற்கரைக்குப் போகிற நடைவழி ஒன்று இருந்தது. நிலம் எங்களுடையது, நடந்தது அவர்கள். மாமியின் புருசன் இன்னாசித்தம்பி மாமா வள்ளத்து எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு அதால்தான் போய் வருவார். என் அப்பா இருந்தவரை அவரும் அதால்தான் கடலுக்குப் போனார். அதனால் யாருக்கும் ஒரு கேள்வியும் வரவில்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் வள்ளமும் இல்லை, வழி தேவைப்பட்ட ஆளும் இல்லை. அம்மாவிடம் இருந்தது நான் ஒருத்தி. அந்த இடத்தில் ஓர் அறை எடுத்துச் சீதனமாகக் கொடுத்தால்தான் எனக்கு மாப்பிள்ளை வருவான் என்று முடிவுகட்டி, அம்மா வண்டியில் கல் கொண்டுவந்து பறித்துப் போட்டார்.

அன்றைக்கு மாமி நேரே முச்சந்திக்கு நடந்தார். அந்தோனியார் காலடியில் ஒரு பிடி மண் அள்ளினார். சீலைத் துண்டில் முடிந்தார். எங்கள் குசினி யன்னலுக்கு நேரே, தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். "கட்டிப் பார்" என்றார். அவ்வளவுதான்.

ஏழு வருடம் போயிற்று. கல்லில் பாசி ஏறியது. சுவர் ஏறவில்லை. எனக்கு வயது ஏறியது. சிறுவயதில் ஒரே நாளில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை எடுத்து, வெள்ளை முக்காட்டோடு ஒரே படத்தில் நிற்கிற இரண்டு சிநேகிதிகள், அம்மாவும் மாமியும், அதற்குப் பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. கோவிலில் ஒருவர் வலப்பக்க வாங்கில் இருந்தால் மற்றவர் இடப்பக்கம். யசிந்தாவும் நானும் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அந்த நடைவழியைக் கடப்போம்.

யசிந்தாவின் கட்டுரையைத் தட்டெழுத்தில் அடித்தது நான். பட்டினத்தில் ஒரு ரைப்பிங் வகுப்பில் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் இருந்து அடிப்பேன். அவள் எழுதியிருந்தது இதுதான். கெட்ட காரியம் ஒன்றைச் செய்வேன் என்று மிரட்டுகிறவர் உண்மையில் செய்ய நினைக்கிறாரா இல்லையா என்பது முக்கியமில்லை. எதிரில் நிற்கிறவர் பயந்தால் போதும். பயம் வேலையைச் செய்துவிடும், கெட்ட காரியம் நடக்கவே நடக்காது, மிரட்டினவர் மனமும் சுத்தமாக இருக்கலாம். உதாரணத்துக்குத் தன் மாமி திருமதி மா., பக்கத்து வீட்டுத் திருமதி க. என்று இரண்டு பேர்.

திருமதி க. என் அம்மா. 'திருமதி க. பயந்தபடியால்' என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அடிக்க அடிக்க எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. தகப்பனில்லாத பிள்ளையை மீன் விற்றுப் படிப்பித்த மனிசி, ஆமிக்காரன் சைக்கிளை மறித்தபோது அவன் முகத்துக்கு நேரே ஏசின மனிசி, பயந்தவவா? அந்தச் சொல் வந்த இடமெல்லாம் தாள் பொத்தல் விழுமளவுக்கு அடித்தேன். ஆனால் யசிந்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது.

கடிதம் வந்த பின்மதியமே அவள் மாமியைப் பிடித்துக்கொண்டாள். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எறிவீர்களா என்று கேட்டதற்கு, உனக்கேன் அந்த விசாரணை என்றார். அடுத்த நாள் கேட்டதற்கு, அவள் கட்டட்டும் அப்போது பார்ப்போம் என்றார். மூன்றாம் நாள் துருவலையைக் காட்டினார். இன்னாசி மாமாவைக் கேட்டால், நான் கடலுக்குப் போகிறவன் வீட்டுச் சங்கதி அறியேன் என்று எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அதே நடைவழியால் நழுவினார்.

பங்குச் சுவாமியாரிடம் கேட்க முடியாது, பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பாவத்தை அவர் வெளியே விடக் கூடாது. ஆனால் அங்கே நடந்ததை மாமியே ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தார். ஒவ்வொரு தவக்காலமும் இதே வழக்குத்தான். எறிய நினைப்பதே பாவம், அவிழ்த்துக் கொட்டு என்பார் சுவாமி. நான் இன்னும் எறியவில்லையே என்பார் மாமி. எறிவாயா? அவள் கட்டினால்தானே சுவாமி. கட்டினால்? அவள் கட்டமாட்டாள் சுவாமி. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கால் கடுத்துவிடும். கடைசியில் சுவாமியார் களைத்துப்போய், கொஞ்சம் செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இதைக் கேட்டு யசிந்தா துள்ளினாள். மேல்நாட்டு ஆயர்மாரும் அணுகுண்டு விசயத்தில் இதே இடத்தில்தான் இடறுப்படுகிறார்களாம். எங்கள் சுவாமியார் கேட்ட கேள்வியும் அவர்கள் கேட்கிற கேள்வியும் ஒன்றாம். எனக்குச் சுவாமியார் மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கடற்கரையில் வலை சிக்கெடுக்கிறவர்கள் மார்கிரட் எறிவாள் என்றார்கள், சந்தையில் மீன் விற்கிறவர்கள் எறியமாட்டாள் என்றார்கள். அணுகுண்டைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, மாமியைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கூட்டம் கூட்டமாய் நின்று கதைத்தார்கள். ஆமி, ஊரடங்கு, யாரைப் பிடித்தார்கள் என்ற கதைகளையே கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்த ஒழுங்கைக்கு இது பெருநாள் மாதிரி இருந்தது.

ரெலிபோன் நாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அம்மா என்னைக் கேட்டார், அந்தப் பெட்டை எதற்காக இப்படிப் பறந்து திரிகிறது என்று. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"உங்களைப் பயந்தாங்கொள்ளி எண்டு வெள்ளைக்காரருக்கு எழுதியிருக்கிறாள்" என்றேன்.

அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். ஆர் பயந்தது என்று ஒரே ஒரு தரம் கேட்டார். நான் கட்டுரை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், அந்த ரெலிபோனுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். இந்தச் செய்தி யன்னலால் போய், என்ரை மண்ணைப் பற்றி நான் இல்லாமல் என்ன கதை என்று மாமியும் வெளிக்கிட்டுவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் ரெலிபோன் இல்லை. பட்டினத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இஸ்ஸதீன் நானா இரும்புக்கடை வைத்திருந்தார். இன்னாசி மாமா ஆணியும் கம்பியும் அவரிடம்தான் வாங்குவார். நானா தன் கடை இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். முந்தின நாள் பட்டினத்தில் சுற்றிவளைப்பு. கடையெல்லாம் பூட்டு. ரெலிபோன் செத்துப்போயிருக்கும் என்று யசிந்தா சாப்பிடவில்லை. விடிந்ததும் நானா ஆள் அனுப்பி, கருவி உயிரோடு இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் போன கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யசிந்தா நீலச் சேலையில், இங்கிலீசில் முணுமுணுத்துக்கொண்டு முன்னுக்கு. அவளுக்குப் பின்னால் குடையோடு மாமி. கொஞ்சம் இடைவெளி விட்டு, வேறு யாரோ போல, குடையோடு அம்மா. நடுவில் நான், எந்தக் குடைக்குள்ளும் போக முடியாமல் வெயிலில். பாதையில் கண்டவர்கள் எல்லாம் எங்கே செத்தவீடு என்று கேட்டார்கள்.

நானா ரெலிபோனைத் துடைத்து மேசை நடுவில் வைத்திருந்தார். ஆணிச் சாக்குகளை ஒதுக்கி வாங்கு போட்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஜலீலா இஞ்சி போட்ட பிளேன்ரீ அனுப்பினார். சாமான் வாங்க வந்தவர்களும் போகாமல் நின்றுவிட்டார்கள். மாமி ஒரு மூலை, அம்மா மறு மூலை, நடுவில் இரும்புக் கம்பிக் கட்டு.

மணி அடித்தது. யசிந்தா எடுத்தாள். முதலில் இணைப்புக் கொடுக்கிற கொழும்புக் குரல், பிறகு ஒரு கடலளவு இரைச்சல், பிறகு தெளிவாக ஒரு பெண் குரல். நான் என் காதை அவள் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டேன்.  வணக்கம், வெயிலா மழையா என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பிறகு பேராசிரியை நேரே வந்தார்: மாமி எறிவாரா?

யசிந்தா உண்மையைச் சொன்னாள். எவ்வளவோ கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறார், இப்போது என் பக்கத்தில்தான் நிற்கிறார் என்றாள். பேராசிரியை சிரித்துவிட்டு, அப்படியானால் இப்போதே கேளுங்கள் என்றார்.

யசிந்தா திரும்பி, கடை முழுவதற்கும் கேட்கத் தமிழில் கேட்டாள். மாமி சேலைத் தலைப்பை முறுக்கினார்.  கம்பிக் கட்டுக்கு அந்தப் பக்கமிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"அவளைக் கேளாதை பிள்ளை, என்னைக் கேள். அவள் எறிவாள். எனக்குத் தெரியும்."

யசிந்தாவின் முகம் மலர்ந்தது. இதுதானே அவள் கட்டுரை. அதுதான் பயம் என்று ரெலிபோனுக்குச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா விடவில்லை.

"பயமோ? நான் ஏன் பயப்பிடவேணும்? என்ரை நிலத்திலை நான் கட்டினால் அது அநியாயமில்லை. மண் என்னை ஒண்டும் செய்யாது. ஆனால் எறிஞ்சால் அது அவளுக்குச் சாவான பாவம். அதோடை கண் மூடினாள் எண்டால் நேரே நரகம். என்னோடை புதுநன்மை எடுத்தவள். ஒரு அறைக்காக நான் அவளை அங்கை அனுப்பேலுமோ?"

சாமான் வாங்க வந்த ஒருவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஏழு வருடம் அந்த யன்னலால் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு சோறு காய்ச்சின மனிசி. ஒரு தரமாவது எனக்குச் சொன்னாரா? இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. என் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு மாமியின் ஆத்துமத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

யசிந்தா ரெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது, அடித்தவள் நானல்லவா. அவள் கட்டுரை முழுவதும் பயம் என்ற ஒரே தூணில் நிற்கிறது. அம்மா அதைப் பிடுங்கிவிட்டார். இதை மொழிபெயர்த்தால், தெரிவு செய்கிறவர் காதுக்குள்ளேயே தன் கட்டுரையைத் தானே உடைத்ததாகும். மறு முனையில் ஹலோ, ஹலோ என்றது. அந்தக் கடையில் இங்கிலீசு விளங்குகிறவர்கள் அவளும் நானும்தான். அவள் என்ன சொன்னாலும் அதுதான் பதில்.

அந்தச் சொல்லுக்காகத் தாளைப் பொத்தலாக்கின நான், அவள் காதில், "பயந்தவ எண்டே சொல்லிவிடடி" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அவள் போகவேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுத்தாள். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னாள். முடிவில், ஆகவே என் கட்டுரை பிழை, திருமதி க. பயப்படவில்லை, நான்தான் அவரைக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்றாள். 

  பிறகு பேராசிரியை மெதுவாக, அப்படியானால் மாமி, அவர் உண்மையிலேயே, என்று தொடங்கினார். இணைப்பு அறுந்தது.

நானா கொழும்பைக் கூப்பிட்டுப் பார்த்தார். கொழும்பும் வரவில்லை. பிளேன்ரீ ஆறிப்போனது. சாமான் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். யசிந்தா வாங்கில் இருந்தபடி இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசி கடைசியா என்ன கேட்டவ?" என்று மாமி கேட்டார். அவ்வளவு நேரத்துக்குப் பிறகு அதுதான் அவர் பேசின முதல் பேச்சு.

"நீங்கள் மெய்யாய் எறிவீங்களோ எண்டு, மாமி."

மாமி என் அம்மா இருந்த மூலையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "எறிஞ்சிருப்பன். ஒரு கல் ஏறியிருந்தாலும் எறிஞ்சிருப்பன். பாவம், நரகம், ஒண்டையும் நான் நினைக்கேல்லை. இவளிலை எனக்கு அவ்வளவு கோவம்." ஆணிச் சாக்கின் மேல் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "அந்த மனிசிக்கு ஓம் எண்டு சொல்லு. பொய்யோடை நீ போகவேண்டாம்" என்றார்.

அம்மா கம்பிக் கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு மாமியிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "எழும்படி, நானா பாத்துக்கொண்டு நிக்கிறார்."

யசிந்தா துள்ளி எழும்பினாள். தந்திக் கந்தோர் பூட்டுவதற்கு முன்னால் போகவேண்டும் என்றாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவீதியில் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். தோற்றுப்போய்விட்டேன் ராணி, ஆனால் இப்போதுதான் எனக்குக் கேள்வியே விளங்குகிறது என்றாள். எறியத்தான் நினைத்திருக்கிறார், மனம் சுத்தமில்லை, சுவாமியார் சொன்னதுதான் சரி, ஆனாலும் எறியாமல் போனதற்குக் காரணம் மாமியும் இல்லை பயமும் இல்லை, எதிரியாய் நின்றவரின் அன்பு, அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, ஒருவரும், என்று சொல்லிக்கொண்டே ஒரு மாட்டுவண்டியில் மோதப் பார்த்தாள். தந்தியில் அவள் எழுதிக் கொடுத்தது: மாமி ஓம் என்கிறார். கட்டுரை இரண்டு தரம் பிழை.

எழுதுவினைஞர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆயுதம் தூக்கின இயக்கத்துச் சங்கேதம் என்று நினைத்திருப்பார். அனுப்பிவிட்டார்.

பதில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று வந்தது. தந்திக்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். யசிந்தா தந்தியை என் கையில் திணித்தாள். நான் பிரித்து, தமிழாக்கிக் கத்தி வாசித்தேன்: வருக. பிழைகளையும் கொண்டுவருக.

என்னவோர் ஆரவாரம். யாரோ வெடி கொளுத்த ஓடினான். நாலு பேர் பாய்ந்து அவனைப் பிடித்து அமுக்கினோம், ஆமி முகாம் கூப்பிடு தூரத்தில் அல்லவா. வெடிக்குப் பதிலாகச் சட்டி பானையைத் தட்டினோம். இன்னாசி மாமா அதுவரை ஒரு கட்சியிலும் சேராமல் இருந்தவர், எஞ்சினை நடு ஒழுங்கையில் வைத்து வெறுமனே கயிறு இழுத்து முழக்கினார். அம்மாவும் மாமியும் யசிந்தாவின் இரண்டு கன்னத்திலும் ஒரே நேரத்தில் முத்தமிட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் மாமி முடிச்சை ஆணியிலிருந்து எடுத்தார். சீலை இத்துப்போயிருந்தது, தொட்டதும் கிழிந்தது. முந்தானையில் ஏந்திக்கொண்டு போய் அந்தோனியார் காலடியில் கொட்டினார். பக்கத்தில் அம்மா நின்றார். பிறகு மாமி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆவணியில் யசிந்தா கொழும்புக்குப் போகிற யாழ்தேவி ரயிலில் ஏறினாள். அவளை அனுப்பிவிட்டு வந்த கிழமையே அம்மா தில்லைநாதன் மேசனைக் கூப்பிட்டார். ஒழுங்கை மறுபடி வாசலுக்கு வந்தது. மண் இல்லை, மிரட்டல் இல்லை. இனிமேல் கத்தரீனா என்ன செய்வாள்? மாமி தாழ்வாரத்தில் வெறும் ஆணிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா இன்னாசி மாமாவைக் கூப்பிட்டு, எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு நடைவழியால் போகச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். முழங்கை எட்டுகிற இடத்தில் மேசனைக் கொண்டு முளை அடிப்பித்தார். இன்னும் ஒரு சாண் விடு, மழைக்குள் வழுக்கினால் சுவரில் அடிபடும் என்றார் மாமி. அம்மா ஒரு சாண் விட்டார். என் சீதன அறை இன்னாசி மாமாவின் தோளளவு குறைந்தது. கட்டிலை வைத்தால் அலுமாரி வைக்க முடியாது, அலுமாரியை வைத்தால் மாப்பிள்ளை வெளியில்தான் படுக்கவேண்டும். நான் சண்டை பிடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் எனக்குச் சந்தோசம் என்பது வேறு கதை.

சுவர் பூசின அன்றே மாமா எஞ்சின் விசிறியால் ஈரச் சாந்தில் நீளமாக ஒரு கீறு கீறினார். அம்மா கத்தினார். மாமி பதிலுக்குக் கத்தினார். சொல்லுக்குச் சொல் ஏறி, அம்மா மாமாவைக் குருடன் என்றுவிட்டார். மாமி குனிந்தார். குனிந்த கை மண்ணை அள்ளிவிட்டது. மேசன் கரண்டியோடு நின்றான்.  அம்மா மாமியைப் பார்த்தார். மாமி தன் கையை, யாருடைய கை இது என்பது போலப் பார்த்தார். விரலை விரித்தார். மண் விழுந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேசனுக்குத் தேத்தண்ணி போடவேணும் என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் யசிந்தாவின் கடிதம் வந்தது. குளிர், மழை, பெரிய நூலகம், தூரத்தில் கடல் தெரிகிற யன்னல் என்று பக்கம் பக்கமாகச் சந்தோசம். கடைசியில், புதுக் கட்டுரையில் போடவேண்டும், சரியாகச் சொல்லு என்று கேட்டிருந்தாள்: முடிச்சைக் கொட்டியாகிவிட்டது, இனி அங்கே ஆயுதம் இல்லைத்தானே?

நான் பதில் எழுதினேன். முடிச்சு இல்லை. ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். இது குருநகர், நாங்கள் நிற்கிறதே மண்ணில்தான். குனிந்தால் கைக்கு எட்டும். மாமி நேற்றும் குனிந்தவ. நேற்றும் வெறுங்கையோடை நிமிர்ந்தவ.